ஏலத் தொகையில் முதல் பங்கு யாருக்கு?
வரி பாக்கிக்கும் வங்கிக் கடனுக்கும் இடையே நீளும் போட்டி

புதுடெல்லி: திருவனந்தபுரத்தில், பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள ஸ்ரீவராகம் பகுதியில், வணிகர் ஒருவரின் வீடு ஏலத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து அவர் பெற்ற கடனில் ரூ.50 லட்சம் நிலுவை. அரசுக்குச் செலுத்த வேண்டிய விற்பனை வரி பாக்கி ரூ.30 லட்சம். சாலைக் கடைத்தெருவின் மொத்த வியாபாரிக்கும், நாகர்கோவிலிலிருந்து சரக்கு அனுப்பிய சிறு உற்பத்தியாளருக்கும் தர வேண்டியது ரூ.15 லட்சம். கடை ஊழியர்களின் சம்பள பாக்கி ரூ.5 லட்சம். ஆக மொத்தம் ரூ.1 கோடி. வீடு ஏலம் போனதோ ரூ.60 லட்சத்துக்கு.

பற்றாக்குறை ரூ.40 லட்சம். அந்த இழப்பு யார் தலையில் விழ வேண்டும்?

வரி பாக்கியை வசூலிப்பதில் மற்ற கடனீந்தோரைவிட அரசுக்கு முன்னுரிமை உண்டா என்ற சட்டக் கேள்வியின் சாரம் இதுதான். வணிகரும் கணக்கும் கற்பனை. சட்டப் போராட்டம் கற்பனையன்று. கேரளச் சட்டப்பேரவை 1999இல் இயற்றிய ஒரு பிரிவு உச்ச நீதிமன்றம் வரை சென்று, நாடு முழுவதும் வங்கிகளைக் கலங்க வைத்தது. பின்னர் நாடாளுமன்றமே தலையிட்டு அதன் விளைவை மாற்றியது. மத்திய - மாநில உறவில் அதிகம் பேசப்படாத மோதல்களில் இதுவும் ஒன்று.

மன்னர் கடன் முதலில்

அரசின் பாக்கிக்கு முதலிடம் என்ற கருத்து புதியதன்று. ஒருவர் பலரிடம் கடன்பட்டிருந்தால், கடன் வாங்கிய வரிசைப்படியே திருப்பித் தர வேண்டும். ஆனால் அரசனுக்கும் வேதம் வல்ல அந்தணருக்கும் உரிய பொருளை முதலில் செலுத்தலாம் என்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். திருநெல்வேலிச் சீமையின் தருவையில் பிறந்த மகாமகோபாத்தியாய கணபதி சாஸ்திரி, அந்நூலைத் தமது உரையுடன் 1924-25இல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் பதிப்பித்தார் என்பது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இக்கருத்து வேறு வழியாக வந்தது. மன்னரின் கடனும் குடிமகனின் கடனும் ஒரே நேரத்தில் எதிர்ப்பட்டால் மன்னரின் கடனே மேல் என்பது இங்கிலாந்தின் பொதுச் சட்டக் கோட்பாடு. 1868இல் பம்பாய் உயர் நீதிமன்றம் கலைக்கப்பட்ட ஒரு கப்பல் நிறுவனத்தின் வழக்கில் இதை ஏற்றது. 1930களின் பிற்பகுதியில், மதுரை வருமான வரி அதிகாரி தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் வருமான வரி பாக்கிக்குத் தனியார் கடனைவிட முன்னுரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது.

குடியரசான பிறகும் கோட்பாடு மறையவில்லை. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வருமுன் அமலில் இருந்த சட்டங்கள் தொடரும் என்கிறது 372ஆவது பிரிவு. அதன்படி மன்னர் கடனின் முன்னுரிமையும் தொடர்கிறது என்று தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தீர்ப்பளித்தார்.

ஆனால், இரண்டு வரம்புகள் இருந்தன. முதலாவது, பழைய சமஸ்தானங்கள் பற்றியது. ஹைதராபாத் சமஸ்தானத்தில் இக்கோட்பாடு 1950க்கு முன் ஏற்கப்பட்டிருந்ததாக நிறுவப்படாததால், அப்பகுதியில் விற்பனை வரி பாக்கிக்கு இந்த முன்னுரிமையைக் கோர முடியாது என்று 1967இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மன்னர் கடன் என்ற வாதம் இந்தியா முழுவதற்கும் தானாகப் பொருந்திவிடாது என்பதை அத்தீர்ப்பு உணர்த்தியது.

இரண்டாவது வரம்பு இன்னும் முக்கியமானது. இந்த முன்னுரிமை ஈடு ஏதும் பெறாத சாதாரணக் கடனீந்தோருக்கு எதிராக மட்டுமே செல்லும். அடமானம் பெற்றவரை மீறிச் செல்லாது. 2000இல் தேனா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. சட்டமன்றம் வெளிப்படையாகச் சட்டம் இயற்றியிருந்தால் மட்டுமே விதிவிலக்கு.

இந்தப் பொது விதிப்படி ஸ்ரீவராகம் வீட்டின் முதல் கணக்கு இப்படி அமையும்: வங்கிக்கு முழுமையாக ரூ.50 லட்சம், வரித்துறைக்கு எஞ்சிய ரூ.10 லட்சம், ஊழியர்களுக்கும் சரக்குத் தந்தவர்களுக்கும் ஒன்றுமில்லை.

கேரளம் சேர்த்த பிரிவு

பொது விதியின் விதிவிலக்கைத்தான் மாநிலங்கள் பற்றிக்கொண்டன. வரி பாக்கி, வணிகரின் சொத்து மீது 'முதல் பொறுப்பு' ஆகும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால், அரசும் ஈடு பெற்ற கடனீந்தோர் ஆகிவிடும்; அவர்களுள்ளும் முதல்வராகிவிடும். ராஜஸ்தான் விற்பனை வரிச் சட்டத்தில் அத்தகைய பிரிவு இருந்தது. அது வங்கி முன்பே பெற்ற அடமானத்தையும் மிஞ்சும் என்று 1990களின் நடுவில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேரளம் தனது 1963ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டத்தில் 26-பி என்ற பிரிவைச் சேர்த்தது. 1999 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வேறு எந்தச் சட்டத்தில் என்ன கூறப்பட்டிருந்தாலும், வணிகர் செலுத்த வேண்டிய வரி, அபராதம், வட்டி ஆகியவை அவரது சொத்தின் மீது முதல் பொறுப்பாகும் என்பதே அதன் சாரம். பின்னர் வந்த மதிப்புக்கூட்டு வரிச் சட்டத்திலும் இதே ஏற்பாடு 38ஆவது பிரிவாக இடம்பெற்றது. மகாராஷ்டிரம், குஜராத், தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் வரிச் சட்டங்களிலும் இத்தகைய பிரிவுகள் உண்டு.

வங்கிகள் வாளாவிருக்கவில்லை. நாடாளுமன்றம் 1993இல் கடன் மீட்புத் தீர்ப்பாயங்களை அமைத்தது. 2002இல், நீதிமன்றம் செல்லாமலேயே அடமானச் சொத்தை வங்கி கையகப்படுத்தி விற்க வழிசெய்யும் சர்பாசி சட்டத்தை இயற்றியது. இரண்டிலும் பிற சட்டங்களை மீறி இச்சட்டம் செல்லும் என்ற வாசகம் உள்ளது. மத்தியச் சட்டத்தின் முன் மாநிலச் சட்டம் நிற்காது என்பது வங்கிகளின் வாதம்.

சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியாவுக்கும் கேரள அரசுக்கும் இடையிலான வழக்கில், 2009 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஜி.எஸ். சிங்வி எழுதிய அத்தீர்ப்பு, கேரளத்தின் 26-பி பிரிவையும் பம்பாய் விற்பனை வரிச் சட்டத்தின் 38-சி பிரிவையும் ஒருசேர ஆராய்ந்தது.

தீர்ப்பின் தர்க்கம் எளிமையானது. வங்கிக் கடனுக்கு முதல் பொறுப்பு உண்டு என்று 1993ஆம் ஆண்டுச் சட்டத்திலோ 2002ஆம் ஆண்டுச் சட்டத்திலோ எங்கும் கூறப்படவில்லை. கடனை வசூலிக்கும் வழியை அவை விரைவுபடுத்தின. வரிசையில் இடத்தை மாற்றவில்லை. நாடாளுமன்றத்துக்கு அப்படி எழுதத் தெரியாதா என்றால், தெரியும். கம்பெனிகள் சட்டத்தில் தொழிலாளர் பாக்கிக்கும், 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தில் நிதிப் பாக்கிக்கும், எஸ்டேட் தீர்வைச் சட்டத்தில் தீர்வைக்கும் முன்னுரிமை தந்து எழுதியிருக்கிறது. வங்கிகளுக்கு எழுதவில்லை. ஆகவே மோதலே இல்லை. மாநிலத்தின் முதல் பொறுப்பு நிற்கும்.

ஸ்ரீவராகம் வீட்டின் இரண்டாவது கணக்கு: வரித்துறைக்கு முழுமையாக ரூ.30 லட்சம், வங்கிக்கு ரூ.30 லட்சம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

டெல்லியின் மறுமொழி

'நாடாளுமன்றம் எழுதவில்லை' என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டிய இடத்தை நாடாளுமன்றம் 2016இல் நிரப்பியது. வாராக்கடன் சுமை பொதுத்துறை வங்கிகளை அழுத்திய காலம் அது. அவ்வாண்டு நிறைவேறிய திருத்தச் சட்டம் இரண்டு பிரிவுகளைச் சேர்த்தது. கடன் மீட்புச் சட்டத்தில் சேர்ந்த 31-பி பிரிவு 2016 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சர்பாசி சட்டத்தில் சேர்ந்த 26-இ பிரிவு 2020 ஜனவரி 24 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. மத்திய, மாநில அரசுகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் செலுத்த வேண்டிய வரிகள், தீர்வைகள் அனைத்தையும்விட, ஈடு பெற்ற கடனீந்தோரின் கடனுக்கு முன்னுரிமை என்பது இரண்டின் உள்ளடக்கம்.

2016 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, வணிகவரித் துறைக்கும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கும் இடையிலான வழக்கில், புதிய திருத்தத்தின்படி வங்கிக்கே முன்னுரிமை என்று விடையளித்தது. தமிழகத்தின் வணிகவரி அதிகாரிகளுக்கு அது எச்சரிக்கை மணியாக அமைந்தது.

26-இ பிரிவில் ஒரு நிபந்தனை உண்டு. வங்கி தனது ஈட்டுரிமையை 'செர்சாய்' எனப்படும் மத்தியப் பதிவகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதன் பிறகே முன்னுரிமை. ஒரே வீட்டுப் பத்திரத்தைக் காட்டிப் பல வங்கிகளில் கடன் வாங்கும் மோசடியைத் தடுக்க 2011இல் தொடங்கப்பட்ட பதிவகம் இது. வரித்துறையும் தனது ஜப்தி உத்தரவை இதே பதிவகத்தில் பதிவு செய்யலாம். பதிவான ஜப்திக்குப் பிறகு அச்சொத்தின் மீது ஏற்படும் அடமானம், அந்த ஜப்திக்குக் கீழேதான் நிற்கும். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022 ஆகஸ்டில் அளித்த விரிவான தீர்ப்பும் இந்தப் பதிவு முறையையே மையமாக்கியது.

எனவே மூன்றாவது கணக்கு: வங்கி முதலில் பதிவு செய்திருந்தால் வங்கிக்கு ரூ.50 லட்சம், வரித்துறைக்கு ரூ.10 லட்சம். வரித்துறை ஜப்தியை முதலில் பதிவு செய்து, அடமானம் அதன் பின் ஏற்பட்டிருந்தால் வரித்துறைக்கு ரூ.30 லட்சம், வங்கிக்கு ரூ.30 லட்சம்.

சிக்கல் முழுமையாகத் தீரவில்லை. 2017ஆம் ஆண்டின் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், தனது 82ஆவது பிரிவில், திவால் சட்டத்துக்கு மட்டும் விலக்களித்து, வரி பாக்கியை மீண்டும் முதல் பொறுப்பாக்கியுள்ளது. பிற சட்டங்களை மீறிச் செல்வதாகக் கூறும் இரு மத்தியச் சட்டங்கள் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் நிலை இது.

திவால் வாசலில் தலைகீழ்

மேற்கண்டவை தனிநபர் வணிகருக்கு. அதே கடை ஒரு கம்பெனியாக இருந்து, வீடும் கம்பெனியின் சொத்தாக இருந்து, திவாலாகிக் கலைக்கப்பட்டால் கணக்கு வேறு. 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின் 53ஆவது பிரிவு ஒரு படிவரிசையை வகுத்துள்ளது. நடைமுறைச் செலவுகள் முதலில். அடுத்து, 24 மாதத் தொழிலாளர் பாக்கியும், தம் ஈட்டை விட்டுக்கொடுத்த கடனீந்தோரும் சம நிலையில். அதன் பின் மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம். ஈடு பெறாத நிதிக் கடனீந்தோர். அதற்கும் கீழேதான் மத்திய, மாநில அரசுகளின் இரண்டாண்டு பாக்கி.

அரசைக் கீழிறக்கியது வேண்டுமென்றே செய்யப்பட்டது. கடன் தருவோருக்கு நம்பிக்கை பிறந்தால் கடன் பெருகும், தொழில் பெருகும், அதனால் வரியும் பெருகும் என்பது இச்சட்டத்தை வகுத்தோரின் எண்ணம்.

ஆனால் 2022 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் ரெயின்போ பேப்பர்ஸ் வழக்கில் அளித்த தீர்ப்பு இவ்வரிசையை உலுக்கியது. குஜராத் மதிப்புக்கூட்டு வரிச் சட்டத்தின் 48ஆவது பிரிவு முதல் பொறுப்பை உருவாக்குவதால், மாநில அரசும் ஈடு பெற்ற கடனீந்தோரே என்றது அத்தீர்ப்பு. 2023 ஜூலையில் மற்றோர் அமர்வு, பஸ்சிமாஞ்சல் மின் விநியோகக் கழகத்தின் வழக்கில், முந்தைய தீர்ப்பு 53ஆவது பிரிவைச் சரிவரக் கணக்கில் கொள்ளவில்லை என்று கூறி, அதை அவ்வழக்கின் அளவில் சுருக்கியது. எனினும் 2023 அக்டோபரில் ரெயின்போ தீர்ப்புக்கு எதிரான மறுஆய்வு மனுக்கள் தள்ளுபடியாயின. 2025 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா, தரப்பினரின் உடன்பாட்டால் உருவாவதே ஈட்டுரிமை. சட்டத்தின் இயக்கத்தால் மட்டும் உருவாவது ஆகாது என்று விளக்கம் சேர்க்க முன்மொழிந்தது.

இந்த நுட்பம் யாரைப் பாதிக்கிறது என்பதை எண்களில் பார்க்கலாம். நடைமுறைச் செலவை ஒதுக்கிவிட்டு, சம்பள பாக்கி முழுவதும் தொழிலாளருடையது எனக் கொள்வோம். 53ஆவது பிரிவின் நேர்ப் பொருளில் தொழிலாளருக்கு ரூ.5 லட்சமும், வங்கிக்கு ரூ.50 லட்சமும் முழுமையாகக் கிடைக்கும்; அரசுக்கு ரூ.5 லட்சம். ரெயின்போ தீர்ப்பின் வழியில் அரசையும் அதே படியில் ஏற்றினால், ரூ.85 லட்சம் கோரிக்கைக்கு ரூ.60 லட்சத்தைப் பங்கிட வேண்டும். வங்கிக்குச் சுமார் ரூ.35 லட்சம், அரசுக்குச் சுமார் ரூ.21 லட்சம், தொழிலாளருக்குச் சுமார் ரூ.3.5 லட்சம்.

அரசுக்குக் கூடுதலாகக் கிடைத்த ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பையிலிருந்து மட்டும் வரவில்லை. தொழிலாளரின் சம்பளத்திலிருந்தும் ஒரு பகுதி வந்திருக்கிறது. மேலே சொன்ன எல்லாக் கணக்குகளிலும் மாறாத எண் ஒன்றே. சாலைக் கடைத்தெரு வியாபாரிக்கும் நாகர்கோவில் உற்பத்தியாளருக்கும் கிடைப்பது பூஜ்யம்.

இரு தரப்பிலும் நியாயம்

மாநில அரசுகளின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. விற்பனை வரி, வணிகரின் சொந்தப் பணமன்று. கடையில் பொருள் வாங்கிய ஒவ்வொருவரும் விலையோடு சேர்த்துச் செலுத்தியது. அரசின் சார்பில் அதை வாங்கி, அரசிடம் ஒப்படைக்க வேண்டியவர் வணிகர். கடன் கொடுக்கலாமா, வேண்டாமா, என்ன வட்டி, என்ன ஈடு என்று தீர்மானிக்கும் வாய்ப்பு வங்கிக்கு உண்டு. அரசுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வரி தவறுவார் என்று தெரிந்தும் ஒருவரை வணிகம் செய்யாதே என்று முன்கூட்டியே தடுத்துவிட முடியாது.

கூட்டாட்சிக் கோணமும் உண்டு. விற்பனை மீது வரி விதிப்பது மாநிலப் பட்டியலில் 54ஆவது இனம். வங்கித் தொழில் மத்தியப் பட்டியலில் 45ஆவது இனம். தனது அதிகாரத்துக்கு உட்பட்டு மாநிலம் உருவாக்கிய முன்னுரிமையை, வங்கித் தொழில் குறித்த அதிகாரத்தைக் கொண்டு மத்திய அரசு பின்னுக்குத் தள்ளியது. பயனடைந்த வங்கிகளில் பெரியவற்றின் உரிமையாளரும் மத்திய அரசே. மாநிலக் கருவூலத்துக்கு வர வேண்டிய தொகை மத்திய அரசின் வங்கிக்குச் செல்கிறது என்று திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ ஒரு நிதியமைச்சர் குறைகூறினால், அதில் பொருள் உண்டு.

வங்கிகளின் தரப்பிலும் நியாயம் உண்டு. கடன் கொடுக்கும் நாளில் வங்கி வில்லங்கச் சான்று பார்க்கிறது, பத்திரத்தைச் சரிபார்க்கிறது. பத்தாண்டுக்குப் பிறகு, எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒரு வரி பாக்கி, 'நான்தான் முதல்' என்று முன்வந்து நின்றால் ஈடு என்ற சொல்லுக்கே பொருளில்லை. வங்கியில் இருப்பது சேமிப்பாளர்களின் பணம். ஈட்டை நம்ப முடியாத நிலை வந்தால் சிறு வணிகருக்குக் கடன் கிடைப்பதே அரிதாகும்.

அதே சொத்தை விலைக்கு வாங்குபவரின் நிலை இன்னும் இக்கட்டானது. சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 100ஆவது பிரிவு, பாக்கி பற்றி அறியாமல் உரிய விலை கொடுத்து வாங்கியவருக்கு எதிராக இத்தகைய பொறுப்பைச் செயல்படுத்த முடியாது என்று காப்பளிக்கிறது. சட்டம் வெளிப்படையாக வேறு கூறினால் மட்டுமே விலக்கு. அகமதாபாத் மாநகராட்சியின் சொத்துவரி வழக்கில் 1971இல் உச்ச நீதிமன்றம் இக்காப்பை உறுதி செய்தது. எனினும், கேரள வருவாய் மீட்புச் சட்டத்தின்படி, எழுத்துமூலக் கோரிக்கை தரப்பட்ட பின் பாக்கிதாரர் தம் நிலத்தின் மீது செய்யும் ஒப்பந்தங்கள் அரசைக் கட்டுப்படுத்தா. அந்தக் கோரிக்கை நோட்டீசு தாசில்தார் அலுவலகக் கோப்பில் இருக்கும். வாங்குபவரின் கண்ணில் படாது. வங்கி ஏலங்களோ 'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனையுடன் நடைபெறுகின்றன.

தாமதத்தின் விலை

உண்மையில், வரிசையில் யார் முதலில் என்ற சண்டைக்குப் பின்னால் மறைந்திருப்பது வேறொரு கேள்வி. வரி பாக்கி ஏன் இவ்வளவு காலம் பாக்கியாகவே இருந்தது?

இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கைப்படி, 2021 மார்ச் 31 அன்று கேரள அரசுக்கு வர வேண்டிய வருவாய் நிலுவை சுமார் ரூ.21,798 கோடி. அதில் ஐந்தாண்டுக்கு மேல் தேங்கிய தொகைகளும் உண்டு. விற்பனை நடந்த ஆண்டு ஒன்று; வரி நிர்ணயிக்கப்பட்ட ஆண்டு மற்றொன்று; மேல்முறையீடு, தடையாணை, மீண்டும் நிர்ணயம் என்று ஆண்டுகள் கழியும். கடைசியில் தாசில்தாரின் ஊழியர் ஜப்தி நோட்டீசுடன் செல்லும்போது கடை மூடியிருக்கும். வீட்டில் வங்கியின் அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கும். கேரளத்தில் மட்டுமன்று, தமிழகத்திலும் இதே கதைதான்.

சட்டம் தரும் முதலிடம், சோம்பலுக்குத் துணையாகிவிடும் அபாயம் இதில் உள்ளது. எப்போது கேட்டாலும் எனக்கே முதலில் என்ற உறுதி இருந்தால், இப்போதே கேட்க வேண்டிய அவசரம் இருக்காது. பதிவு செய்தவருக்கே முன்னுரிமை என்ற விதி அந்தச் சௌகரியத்தைப் பறிக்கிறது. இதை மாநில உரிமையின் இழப்பாக மட்டும் பார்ப்பது அரை உண்மை. கணினி வழியாக மாதந்தோறும் வணிகரின் கணக்கைப் பெறும் ஜிஎஸ்டி காலத்தில், பாக்கி விழுந்த சில மாதங்களிலேயே அதைக் கண்டறிந்து, சட்டப்படி ஜப்தி செய்து, பதிவகத்தில் ஏற்ற அரசால் முடியும்.

பிற நாடுகளின் பாதை

அமெரிக்காவில் வரி பாக்கிக்காகச் சொத்தின் மீது அரசுக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்கான அறிவிப்பைப் பொதுப் பதிவில் ஏற்றும் வரை, அச்சொத்தை விலைக்கு வாங்கியவரையோ ஈடாகப் பெற்றவரையோ அது கட்டுப்படுத்தாது.

மன்னர் கடன் கோட்பாட்டின் தாயகமான பிரிட்டன், 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அந்த முன்னுரிமையையே நீக்கியது. 2003 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது செய்த இன்னொரு ஏற்பாடு கவனிக்கத்தக்கது. அரசு விட்டுக்கொடுத்ததன் பயன் முழுவதும் வங்கிகளுக்கே போய்விடாதபடி, கம்பெனிச் சொத்தில் ஒரு வகையான ஈட்டின் கீழ் வரும் தொகையில் ஒரு பகுதி, ஈடு பெறாத கடனீந்தோருக்கென ஒதுக்கப்பட்டது. அதாவது, சரக்குத் தந்த சிறு வியாபாரிக்கும் ஒரு பங்கு.

2020 டிசம்பர் 1 முதல் பிரிட்டன் முன்னுரிமையை ஓரளவு திரும்பக் கொண்டுவந்தது. எல்லா வரிகளுக்கும் அன்று; மதிப்புக்கூட்டு வரி, ஊழியர் சம்பளத்தில் பிடித்த வருமான வரி போன்றவற்றுக்கு மட்டும். நிறுவனம் பிறரிடமிருந்து வசூலித்துக் கையில் வைத்திருந்த பணம், அந்நிறுவனத்தின் கடனை அடைக்கப் போகக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நிறுவனம் தன் லாபத்தின் மீது செலுத்த வேண்டிய வரிக்கு அந்தச் சலுகை இல்லை.

தேவை தெளிவு

1999இல் கேரளமும் 2016இல் நாடாளுமன்றமும் ஒரே தவற்றைச் செய்தன எனலாம். இரண்டும் வரி என்ற ஒரே சொல்லின் கீழ் எல்லாவற்றையும் அடக்கின. வாடிக்கையாளரிடம் வசூலித்துக் கட்டாமல் விட்ட வரியும், பல ஆண்டுகளுக்குப் பின் விதித்த அபராதமும், அதன் மேல் ஏறிய வட்டியும் ஒரே தரத்தவை அல்ல. முதலாவது பொதுமக்களின் பணம். அதற்கு வங்கிக்கு மேலேயே இடம் கேட்க மாநிலங்களுக்கு நியாயம் உண்டு. மற்றவை அரசின் காலதாமதத்தால் வளர்ந்தவையாகவும் இருக்கலாம். அவை பின்னால் நிற்பதில் தவறில்லை.

முதலிடம் கேட்கும் எவரும், அரசே ஆனாலும், தன் பாக்கியை எல்லோரும் பார்க்கும் பதிவேட்டில் உரிய காலத்தில் எழுதிவைக்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தின் வில்லங்கச் சான்று, மத்தியப் பதிவகம், தாசில்தாரின் ஜப்திப் பதிவேடு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பேசாதிருக்கும் வரை, வீடு வாங்கும் குடும்பம் இருட்டில்தான் கையெழுத்திடும்.

வங்கிகளுக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள்; அரசுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரமே இருக்கிறது. ஐம்பதாண்டுக்கு மேலாக இவ்விரு தரப்பும் மாறி மாறி வென்றும் தோற்றும் வந்துள்ளன. சம்பளம் நின்ற ஊழியரும் சரக்குக்குப் பணம் வராத சிறு உற்பத்தியாளரும் இந்த வழக்குகள் எதிலும் மனுதாரர்களாக இல்லை. வரிசையை மீண்டும் ஒருமுறை திருத்தி எழுத டெல்லி முற்படும்போது, அவர்களுக்கென ஒரு பங்கை ஒதுக்குவது பற்றியும் மாநிலங்களின் உறுப்பினர்கள் குரல் எழுப்ப வேண்டும். கேரளத்தின் கோரிக்கையாகவும் தமிழகத்தின் கோரிக்கையாகவும் அது ஒருசேர ஒலித்தால், நாடாளுமன்றத்தால் கேளாதிருக்க இயலாது.